ஆண் என்று எழுது

“நிறுத்துங்க! கத்தியை வைக்காதீங்க! நான் இன்னும் அளக்கலை!”

கத்திக்கொண்டே சரிவில் ஏறினார் செகினோ. கையில் முப்பது மீட்டர் நாடா, காலில் ரப்பர் பூட்ஸ். அந்த பூட்ஸ்தான் தப்பு. திமிங்கில நிலையத்துச் சரிவில் ஆணிச் செருப்பு இல்லாமல் ஓடுகிறவன் ஒன்று ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும், இல்லை பைத்தியமாக இருக்க வேண்டும். அரசு விஞ்ஞானியான செகினோ, ஜப்பானியக் கரையோர ஊரான இந்த ஒனிஹாமாவுக்கு வந்து ஆறு வருஷம் முடிந்துவிட்டது.

வழுக்கினார். எண்ணெயும் ரத்தமும் கலந்த தண்ணீரில் முழங்கால் அடிபட, எழுந்து மறுபடி ஓடினார்.

மேலே, விஞ்ச் கம்பி இழுத்துக் கிடத்திய ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் விலாவில் நின்றுகொண்டிருந்தார் கென்பாச்சி. ஆளுயரக் கைப்பிடி வைத்த கத்தி தோளில் சாய்ந்திருந்தது. வெட்டுகிறவர்களின் தலைவர். செகினோவின் மனைவி சயோவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

“மாப்ளே, தள்ளி நில்லுங்க. கத்திக்குச் சொந்தபந்தம் தெரியாது.”

“மச்சான், வயித்தைத் தொடாதீங்க! முதல்ல நான் அளக்கணும், அப்புறம்தான் வெட்டணும்னு ஆணையத்து விதியே இருக்கு.”

“வெயில் ஏறுது. கறி கெட்டுப்போனா உங்க ஆணையம் வந்து திங்குமா?”

சுற்றியிருந்த மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு நிற்பதற்குள் நான்கு கத்திகளும் இறங்கிவிட்டன. திமிங்கிலம் ஆணா பெண்ணா என்று காட்டும் அடிவயிற்றுத் துண்டு, பாய் அகலத்துக்கு உரிந்து, கொக்கியில் மாட்டி, தரையில் இருந்த துளை வழியாக எண்ணெய் காய்ச்சும் கொப்பரைக்குள் விழுந்தது. தலை தனியாகப் போனது. செகினோ நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார். மறுமுனையை வைக்க இடமில்லை.

கூரை நிழலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னான். “ஆண். பதினொன்று புள்ளி மூணு மீட்டர்.”

“எங்கேருந்துய்யா அளந்தே?”

“இங்கேருந்துதான் சார். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.”

இந்த வாரத்தில் இது நான்காவது ஆண்.

அது 1983, ஜூன். போன வருஷம்தான் சர்வதேச ஆணையம் ஓட்டெடுத்து, இன்னும் மூன்று வருஷத்தில் வியாபாரத் திமிங்கில வேட்டை மொத்தமாக நிற்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தது. ஜப்பான் மறுத்தது. எங்கள் கரையோரப் படகுகள் பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள்தான், கூட்டத்துக்கு ஒரு குறையும் வராது, வேண்டுமானால் அட்டவணையைப் பாருங்கள் என்றது. நூறு பிடித்தால் பத்துக்கு மேல் பெண் இருக்கக்கூடாது என்பது கணக்கு. அட்டவணையில் அது நூற்றுக்கு எட்டைத் தாண்டியதே இல்லை.

அந்த அட்டவணையின் அடியில் இருந்த கையெழுத்து செகினோவுடையது.

நாளை மாலை ஐந்து நாற்பது ரயிலில் அவர் டோக்கியோ போக வேண்டும். அங்கிருந்து தூதுக்குழுவோடு இங்கிலாந்து. இந்த முறை பொய்யில்லாத ஒரு தாளைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையெல்லாம். வேட்டையை நிறுத்த வேண்டும் என்கிற ஆள் இல்லை அவர். பெண்களை விட்டுவிட்டு, எண்ணிக்கையைப் பாதியாக்கினால் இந்த ஊருக்காக வாதாட ஏதாவது மிஞ்சும். பொய் வெளியே வந்துவிட்டால், அப்புறம் ஜப்பான்காரன் கடல் உப்புக் கரிக்கும் என்று சொன்னாலும் எவனும் நம்பமாட்டான்.

ஆதாரம் வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தது. குடல் குவியலில் கைவிட்டுத் துழாவி, கண்ணில் பட்டபோதெல்லாம் எடுத்து வைத்த சினைப்பைகள். நாற்பத்திரண்டு ஜாடிகள், பின்கட்டு அலமாரியில். ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது.

மதியம் அலமாரியைத் திறந்தார். காலி.

ஜாடிகள் வெளியே முற்றத்தில், பளபளவென்று கழுவி, வரிசையாகக் கவிழ்த்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒட்டிய சீட்டுகள் ஊறி உரிந்து வாளியில் மிதந்தன.

“நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க சார். நாத்தம் தாங்கலைன்னு மானேஜர்தான் கழுவச் சொன்னார்” என்றான் கூட்டுகிறவன். “நல்லாத் தேய்ச்சிருக்கேன், பாருங்க.”

“ரொம்ப நல்லாத் தேய்ச்சிருக்கே” என்றார் செகினோ.

மேஜைக்கு வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். மேலே வழக்கமான சீட்டு. இந்த ஊருக்கு வந்த வருஷமே சயோவைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் சோற்றின் மேல் ஒரு சீட்டு இருக்கும். தூரிகை எழுத்து, ஒவ்வொரு வரியின் கடைசிக் கோடும் திமிங்கில வால் மாதிரி மேலே சுழித்து நிற்கும். ‘ஊறுகாயில் உப்பு அதிகம். தண்ணீர் குடிக்கவும்.’ மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பிடத் தோன்றவில்லை.

மானேஜர் தொகாஷி ஒசாகாக்காரர். பேச்சில் எப்போதும் வெண்ணெய் தடவியிருக்கும்.

“ஜாடியா? அடடா! சொல்லியிருந்தா நானே பத்திரமா வெச்சிருப்பேனே.”

“ஜாடி மேலயே எழுதியிருந்தது, ‘தொடாதே’ன்னு.”

“நம்ம பசங்க எங்க சார் படிக்கறாங்க? விடுங்க. நாளைக்குக் காலையில கோயில்ல திமிங்கிலங்களுக்கு வருஷப் பூஜை. நீங்க அவசியம் வரணும். தூதுக்குழு விஞ்ஞானி திமிங்கிலத்துக்கு அஞ்சலி, படம் பிரமாதமா இருக்கும்.”

“நான் அதுக்கெல்லாம் உள்ளே போறதில்லை.”

“தெரியுமே. படிக்கட்டுக்குக் கீழே நின்னு சிகரெட் பிடிப்பீங்க. நாளைக்கு ஒரு நாள் மேலே ஏறி வாங்க.”

டோக்கியோவுக்குப் போன் போட்டார். ஆய்வுக்கூட டைரக்டர் முனேகாதா பொறுமையாகக் கேட்டார். போன வருஷமும் இதே பொறுமைதான்.

“செகினோ, ஆதாரம் இருக்கா?”

“இருந்தது சார். கழுவிட்டாங்க.”

“சந்தேகத்தை அட்டவணையில எந்தக் கட்டத்துல போடறது, சொல்லு. ‘ஆண்’னு ஒரு கட்டம் இருக்கு, ‘பெண்’ணுன்னு ஒண்ணு இருக்கு. ‘செகினோவுக்குச் சந்தேகம்’னு ஒரு கட்டம் போடட்டுமா?”

முனேகாதா போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் ஒரு மணி நேரம் கத்தினார். மானேஜரை, டைரக்டரை, குமாஸ்தாவின் கண்ணை, கடைசியில் மச்சானையும். சயோ முள்ளங்கி ஊறுகாயை நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க அண்ணன் வேணும்னே செய்யறார், தெரியுமா உனக்கு? முதல் வெட்டே வயித்துல!”

கத்தி ஒரு விநாடி நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது. “சாப்பிடுங்க, ஆறிடும்” என்றாள்.

காலையில் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. படகோட்டிகள், ஈட்டிப் பீரங்கி சுடுகிறவர்கள், கொப்பரைக்காரர்கள் என்று எல்லோரும் கறுப்புக் கோட்டில். சாம்பிராணிப் புகையையும் மீறி எண்ணெய் வாடை. தொகாஷி முதல் வரிசையில் கேமராவுக்குத் தோதாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் செகினோ.

மந்திரம் முடிந்தது. பெரிய பிட்சு ஒரு தடித்த ஏட்டைத் திறந்து, இழுத்து இழுத்துப் படிக்கத் தொடங்கினார். இந்த வருஷம் போன உயிர்களின் பட்டியல். செகினோவுக்கு முழங்கால் தெறித்தது. நேற்று விழுந்த அடி. இன்னும் எத்தனை பெயரோ! ரயிலுக்கு மூட்டை கட்ட வேண்டும்.

“...மே மூன்று. பதினோராம் படகு. தாய், பத்து மீட்டர் நாற்பது. குட்டி, ஒண்ணரை மீட்டர். பெயர், அலையில் உறங்கும் பிஞ்சு.”

கூட்டம் கைகூப்பித் தலை குனிந்தது.

“மே ஒன்பது. ஏழாம் படகு. தாய், பத்து மீட்டர் எழுபது. குட்டி, இரண்டு மீட்டர். பெயர், நிலவைக் காணாத முத்து.”

செகினோ தலை குனியவில்லை. மே மூன்று. அந்தத் தேதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சரிவில் விழுந்து முழங்கைத் தோல் உரிந்த நாள். அன்று கரைக்கு வந்தவை மூன்று. குமாஸ்தாவின் தாளில் ஆண், ஆண், ஆண்.

பூஜை அழைப்பிதழைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். தேதி, படகு, தாய். தேதி, படகு, தாய். பட்டியல் முடிந்தபோது முப்பத்தெட்டு இருந்தது. இந்த வருஷ அட்டவணையில் மொத்தமே ஒன்பது பெண்கள். அதில் கர்ப்பிணி இரண்டு.

கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்ததும் பீடத்துக்கு ஓடினார். ஏடு திறந்தே கிடந்தது. ஒரு பக்கம், அடுத்த பக்கம். வருஷங்கள் பின்னோக்கிப் போயின. எழுத்து தெளிவாக, அழகாக இருந்தது. எங்கோ பார்த்த எழுத்து. எங்கே? யோசிப்பதற்குள் பெரிய பிட்சு வந்து ஏட்டை மூடினார்.

“சாமி, இந்தக் குட்டிங்க எங்கே?”

பிட்சு பின்பக்கம் கூட்டிப்போனார். மலைச்சரிவில் வரிசை வரிசையாக முழங்கால் உயரக் கற்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் குழந்தைக்குக் கட்டுவது போல் சிவப்புத் துணி. கல்லில் எழுத்து இல்லை.

“கென்பாச்சிதான் கோரைப்பாயில சுத்திக் கொண்டு வருவார். தாயை அறுப்பாங்க, காய்ச்சுவாங்க. வயித்துல இருக்கறதை மட்டும் கொப்பரையில போடமாட்டாங்க. அவங்க அப்பா, தாத்தா காலத்திலேருந்து இப்படித்தான்.”

“தாயோட நீளம் எதுக்கு?”

“அடையாளம் வேணாமா? அம்மா யாருன்னு சொல்லாட்டி, பச்சைப்புள்ளை அந்தக் கரையில யாரைத் தேடிப் போகும்?” பிட்சு வியப்பாகப் பார்த்தார். “அங்கே போய்ப் பொய் சொல்ல முடியாதுங்களே.”

செகினோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆறு வருஷம்! குடலைத் துழாவி, ஜாடியில் அடைத்து, டோக்கியோவோடு மல்லாடிய ஆறு வருஷமும் ஒவ்வொரு ஜூனிலும் இதை ஊரறியச் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள். ஐம்பது அடி கீழே நின்று அவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஏட்டை ஒரு வாரம் குடுங்க சாமி.”

“மடத்தை விட்டு வெளியே போகாதுங்க. வேணும்னா இங்கேயே படம் எடுத்துக்கங்க.”

கேமரா வீட்டில் இருந்தது. போக வர இருபது நிமிஷம். ஓடினார். படிக்கட்டில் தொகாஷி யாருடனோ பேசிக்கொண்டு நின்றார். செகினோவின் முகத்தைப் பார்த்தார். கையில் கசங்கிய அழைப்பிதழைப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது.

திரும்பி வந்தபோது பீடம் காலி.

“இப்பத்தான் மானேஜர் வந்தார்” என்றார் பிட்சு. “பழசாயிடுச்சு, பட்டுத்துணி வெச்சு பைண்டு பண்ணித் தர்றேன்னு எடுத்துட்டுப் போனார். கம்பெனி காணிக்கையாம்.”

“வெளியே போகாதுன்னீங்களே!”

“காணிக்கைன்னு சொன்னாரே” என்றார் பிட்சு, பரிதாபமாக.

நிலையத்துக்கு ஓடினார். தொகாஷி கால் மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏடா? செண்டாய்க்கு அனுப்பியாச்சு. நல்ல பைண்டர், ஆனா மனுஷன் ரொம்ப நிதானம். மூணு மாசம் ஆகும்.” கோப்பையைக் கீழே வைத்தார். அதுவரை இருந்த வெண்ணெய் குரலில் இல்லை. “ஒண்ணு சொல்லட்டுமா செகினோ சார்? பதினோரு வருஷமா முதல் வரிசையில உக்காந்து அதைக் கேட்டிருக்கேன். கோயில் விஷயம் வேற, ஆபீஸ் விஷயம் வேற. எனக்கே இன்னிக்குத்தான் உறைச்சது. அதுவும் உங்க மூஞ்சியைப் பார்த்து.”

செகினோ அவர் மேஜையிலிருந்த போனையே எடுத்து டோக்கியோவைக் கூப்பிட்டார்.

“சார், ஆண் திமிங்கிலம் குட்டி போடுமா?”

“என்ன?”

“முப்பத்தெட்டு குட்டி சார்! ஒரே வருஷத்துல! கோயில் ஏட்டுல தேதியோட இருக்கு!”

“ஏடு உன் கையில இருக்கா?”

“இல்லை. நான் காதால கேட்டேன். எழுதிவெச்சிருக்கேன்.”

“அழைப்பிதழ் பின்னாலயா? செகினோ, அதுக்குப் பேரு ஆதாரம் இல்லை, கதை. ஒழுங்கா ரயிலைப் பிடி.”

தொகாஷி போனை மெதுவாக வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

சரிவின் அடியில் கென்பாச்சி கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கம்பியில் மாட்டியிருந்தார்.

“மச்சான், ஒரே ஒரு கையெழுத்து. ‘நான்தான் அந்த முப்பத்தெட்டையும் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன்’னு எழுதிக் குடுங்க.”

“பதினேழு குடும்பம் என் கத்தியை நம்பி இருக்கு மாப்ளே.”

“எண்ணிக்கை குறைஞ்சாலும் ஊர் பிழைக்கும். பொய் மாட்டினா பதினேழும் போச்சு. கோயில்ல மட்டும் உண்மையைச் சொன்னீங்களே!”

“அது செத்ததுங்ககிட்ட சொன்னது.” சாணைக்கல்லில் கத்தி சீறியது. “உயிரோட இருக்கறவன்கிட்ட உண்மை சொன்னா, அவன் வேலையைப் பிடுங்கிடுவான். போங்க. ரயிலுக்கு நேரமாச்சு.”

வீட்டுக்கு வந்தபோது நான்கு ஐம்பது. சயோ பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். செகினோ பூட்ஸைக் கழற்றி எறிந்தார். ஒன்று சுவரில் பட்டு விழுந்தது.

“போய் என்ன பண்ணப்போறேன்? அதே அட்டவணை, அதே ஆண்! அதே கையெழுத்தைப் போட்டுட்டு வரேன். ஏடு போச்சு சயோ. கண்ணால பார்த்தேன், கையால தொட்டேன், போச்சு!”

அவள் உள்ளே போனாள். அரிசிப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம். திரும்பி வந்து அவர் முன்னால் ஒரு துணி மூட்டையை வைத்தாள். தவிட்டு வாசனை வந்தது.

பிரித்தார். பழைய நாள்காட்டித் தாள்கள். பின்பக்கம் முழுக்கத் தூரிகை எழுத்து. தேதி, படகு, தாய், குட்டி. திருத்தல்கள், அடித்தல்கள். இந்த வருஷம், போன வருஷம், அதற்கும் முந்தி, ஆறு வருஷம். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே வரி: ‘சொன்னது, கென்பாச்சி.’ பக்கத்தில் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை.

தாள்களைப் புரட்டினார். “இது... இது போதும். இதை எவனும் கதைன்னு சொல்ல முடியாது. உங்க அண்ணனே குடுத்தாரா?”

“இதெல்லாம் அப்பவே எரிச்சாச்சுன்னு அண்ணன் நினைச்சிட்டிருக்கார். இன்னும் இருக்குன்னே அவருக்குத் தெரியாது.”

“தெரிஞ்சா?”

“எனக்கு அண்ணன் இருக்கமாட்டார்.” குரல் உடையவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து முடித்த குரல். “நீங்க ரயில் ஏறினதும் நானே போய்ச் சொல்லிடறேன். ஊர்ல யாராவது சொல்லி அவருக்குத் தெரிய வேணாம்.”

“பிட்சு எடுத்துவெச்ச நகலா? யார் எழுதினது இது?”

சயோ வழிச் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள். மேலே ஒரு சீட்டு. ‘தாள்களை மடிக்க வேண்டாம், மை உதிரும்.’ வரியின் கடைசிக் கோடு திமிங்கில வால் மாதிரி மேலே சுழித்து நின்றது. செகினோ சீட்டைப் பார்த்தார். மூட்டையின் முதல் தாளைப் பார்த்தார். அங்கேயும் ஒரு வால். அதற்கடுத்த வரியில் இன்னொன்று.

“பெரிய பிட்சுவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சுங்க” என்றாள் சயோ. “அண்ணன் சொல்லுவார். எழுதறது நான்தான்.”